புதிய இசைத்தட்டும் முதல் தீர்ப்பும்

ஒரு நாவல் வெளிவந்தால் அதைப் படித்து முடிக்கச் சில நாட்களாவது வேண்டும். இசைத்தட்டுக்கோ நாற்பது நிமிடம் போதும். இதனால் இசைத்தட்டைப் பற்றிய அபிப்பிராயம் ஏனைய கலைப் படைப்புகளைப் பற்றிய அபிப்பிராயங்களிலும் பார்க்க விரைவிலே பிறந்துவிடுகின்றது. விரைவிலே பிறப்பது பல வேளைகளிற் பிழைத்தும் போகின்றது. அமெரிக்க நாட்டின் பொப், றொக், சோல் இசைத்தட்டுகளுக்கு அவை வெளிவந்த காலத்தில் வழங்கப்பட்ட தீர்ப்புகள் சிலவற்றையும், அத்தீர்ப்புகளை வழங்கியவர்கள் யாவர் என்பதையும் இன்று நேயர்களோடு சேர்ந்து நோக்க விரும்புகின்றேன்.

1948ஆம் ஆண்டில் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டை வெளியிட்டது. அதற்கு முன்பிருந்த தட்டு ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடங்களே ஓடும். புதிய தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடங்களுக்கு மேல் ஓடிற்று. மேனாட்டுச் சாஸ்திரீய இசைக்கே அது பெரிதும் பயன்படும் என்று அக்காலத்தவர் எண்ணினர். பொப் பாடகர்களுக்கும் கறுப்பின மக்களின் பாடகர்களுக்கும் ஒரு பாட்டுக் கொண்ட சிறு தட்டே போதும் என்பது வியாபாரிகளின் முடிவு. அந்நாளைய மனப்போக்கை அறிய ஒரு செய்தி போதும். இசை வணிகப் பத்திரிகையாகிய 'பில்போட்' கறுப்பின மக்களிடையே விற்பனையாகும் தட்டுகளின் பட்டியலை 'இனத் தட்டுகள்' என்ற தலைப்பின்கீழ் வெளியிட்டு வந்தது. 1949இலேதான் அத்தலைப்பு நீங்கி 'றிதம் அன்ட் புளூஸ்' என்ற பெயர் வந்தது. அப்பெயரைச் சூட்டியவர் அப்பொழுது அப்பத்திரிகையிற் பணியாற்றிய ஜெறி வெக்ஸ்லர். இவரே பின்னாளில் அற்லாண்டிக் நிறுவனத்தில் அரீத்தா பிராங்கிளினைப் பாடவைத்துப் புகழடைந்தார். அரீத்தா அதற்கு முன் ஆறு ஆண்டுகள் வேறொரு பெரிய நிறுவனத்திற் பாடியும் அவரது குரலின் உண்மை வலி உலகுக்குத் தெரியவில்லை. 1967இல் தெரிந்தது.

அதே 1967ஆம் ஆண்டு யூன் மாதம் பீற்றில்ஸ் குழுவினரின் 'சார்ஜன்ற் பெப்பர்' வெளிவந்தது. உலகமெங்கும் அதனைக் கொண்டாடினார்கள். அமெரிக்காவில் பதினைந்து வாரங்கள் அது முதலிடத்தில் இருந்தது. ஆனால் 'நியூ யோர்க் ரைம்ஸ்' பத்திரிகையில் றிச்சர்ட் கோல்ட்ஸ்ரீன் என்னும் இளைஞர் அதனைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். ஒலி வேலைப்பாடு மிகுந்து உள்ளீடு குறைந்துவிட்டது என்பது அவர் கருத்தின் சாரம். இறுதிப் பாட்டை மாத்திரம் மனமாரப் பாராட்டினார். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. தமது இசைப்பெட்டியின் ஒலிபெருக்கிகளில் ஒன்று அக்காலத்திற் பழுதடைந்திருந்தது என்று அவரே பின்னாளிற் சொன்னார்! இரண்டு காதுக்கும் பகிர்ந்து வைக்கப்பட்ட இசையில் ஒரு பாதியை அவர் சரிவரக் கேட்கவேயில்லை போலும். எனினும் அவர்மீது எனக்கு ஒரு மதிப்பு உண்டு. ஊரெல்லாம் ஒரு திசையில் ஓடும்போது தம் காதுக்குப் பட்டதைத் துணிந்து எழுதினார். அவர் சொன்னதிற் சிறிது உண்மையும் இருந்தது என்று இன்று சொல்வோர் உளர்.

அவ்வாண்டு நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் 'றோலிங் ஸ்ரோன்' என்ற ஏடு தோன்றியது. றொக் இசையையும் இலக்கியத்தைப் போல விரித்து விமரிசிக்கலாம் என்ற எண்ணத்தை அது நிலைநாட்டியது. அதன் பிழைகளும் அவ்வளவுக்குப் பெரியவை. 1969இல் 'லெட் செப்பலின்' குழுவின் முதல் தட்டை அது ஏளனம் செய்தது. தட்டோ அமெரிக்கப் பட்டியலின் முதற் பத்து இடங்களுள் ஒன்றைப் பிடித்தது. இத்தகைய உதாரணங்களை அடுக்கிக்கொண்டே போகலாம், அடுக்குவதிற் பயனில்லை. வெள்ளையரான றொக் பாடகர்களுக்குப் பத்திரிகை விமரிசகன் கொடியவனாயினும், அவன் அவர்களைத் தேடி வந்தான். சோல் பாடகர்களிடம் அவன் அருமையாகவே வந்தான். அவர்களுடைய தட்டின் தலைவிதி தட்டு வெளிவருமுன்பே, நிறுவனத்தின் கதவுகளுக்குள்ளே, தீர்மானிக்கப்பட்டுவிடும்.

அந்தக் கதவுகளுள் மிகவும் புகழ்பெற்றது டெற்றோயிற் நகரில், மேற்கு கிரான்ட் பூலிவாட் வீதியில், 2648ஆம் இலக்க வீட்டின் கதவு. 1959இல் பேரி கோர்டி என்பவர் தம் குடும்பத்தாரிடம் 800 டொலர் கடன் பெற்றுத் தொடங்கிய மோற்றவுண் நிறுவனம் அங்கேதான் இயங்கிற்று. கோர்டி ஒருகாலத்தில் மோட்டார் வண்டித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். வண்டியை வெளியே விடுமுன் பரிசோதிப்பது போலப் பாட்டையும் பரிசோதிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கூட்டம் கூடும். புதிய பாட்டுகளை ஒலிக்கவிட்டு வாக்கெடுப்பார்கள். கையில் ஒரு டொலர் மாத்திரமே இருந்து, வயிறும் பசித்தால், இந்தத் தட்டை வாங்குவீர்களா, உணவை வாங்குவீர்களா என்று கோர்டி கேட்பாராம். வறுமையை அறிந்த மனிதரின் கேள்வி அது; அதனை நகைத்து ஒதுக்க முடியாது. அந்தக் கூட்டத்திலே தேறிய பாட்டுகள் உலகை ஆட்டிவைத்தன என்பதும் மெய்.

ஆனால் அந்தக் கூட்டமும் தவறியது. மாவின் கே என்னும் பாடகர் 1967இல் ஒரு பாட்டைப் பதிவு செய்தார். தன் காதலி வேறொருவனை நாடிவிட்டதை ஊர்வாயிலாக அறிந்த ஒருவனின் புலம்பல் அது. கூட்டம் அதனைத் தள்ளிவிட்டது. அதே பாட்டு வேறு குழுவினரின் குரலில் வெளிவந்து வெற்றியும் பெற்றது. மாவின் கேயின் பதிவை 1968இல் ஒரு நெடுந்தட்டினுள்ளே பத்தோடு பதினொன்றாகச் சேர்த்தார்கள். வானொலி அறிவிப்பாளர்கள் அந்தத் தட்டுக்குள்ளிருந்து அப்பாட்டைத் தாமாகவே கண்டெடுத்து ஒலிபரப்பினார்கள். நேயர்கள் கேட்டுக் கேட்டு எழுதவே, அது தனித்தட்டாக வந்து ஏழு வாரம் முதலிடத்தில் நின்றது. வானொலிக்காரர்களின் காதையும் நேயர்களின் காதையும் வரலாறு ஏற்றுக்கொண்ட சந்தர்ப்பங்களுள் இது ஒன்று என்று சிறிது பெருமையுடன் சொல்லிக்கொள்கிறேன்.

இந்த வெற்றி மாவின் கேக்கு மகிழ்ச்சி தரவில்லை. அவருடன் இணைந்து பாடிய தமி ரெறல் என்ற இளம் பாடகி 1967இல் மேடையிலே அவர் கைகளில் மயங்கிச் சாய்ந்தார். மூளையில் வளர்ந்த கட்டியினால் 1970 மார்ச் மாதம் இருபத்துநான்கு வயதில் இறந்தார். மாவின் கே மேடையை விட்டு விலகினார். அவரது தம்பி வியட்நாம் போருக்குச் சென்று மீண்டு, தாம் கண்டவற்றைச் சொன்னார். அவ்வேளையில் 'போர் ரொப்ஸ்' குழுவைச் சேர்ந்த ஓபி பென்சன் ஒரு பாட்டுடன் வந்தார். 1969இல் கலிபோர்னியாவின் பேர்க்கிலி நகரில், மக்கள் பூங்கா பற்றிய கிளர்ச்சியின்போது பொலிசார் இளைஞரைத் தாக்கியதைப் பார்த்து, இங்கே என்ன நடக்கிறது என்று அவர் மனத்தில் எழுந்த கேள்வியே அப்பாட்டு. அவருடைய குழுவினர் எதிர்ப்புப் பாட்டு வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். மாவின் கே அதை ஏற்று, வரிகளிலும் இசையிலும் தம் கைவண்ணத்தைச் சேர்த்து, 1970 யூனில் பதிவு செய்தார்.

அந்தப் பதிவில் நிகழ்ந்த தற்செயல்கள் இரண்டு. சக்ஸபோன் வாசிக்க வந்த கலைஞர் கருவியைச் சூடேற்றிக்கொள்ளச் சும்மா வாசித்துப் பார்த்தார். அதுவே போதும், நீர் வீட்டுக்குப் போகலாம் என்றார் மாவின் கே. பாட்டின் தொடக்கத்தில் இன்றும் நாம் கேட்பது அந்த ஒத்திகையைத்தான். இன்னொன்று, அவர் இருமுறை பாடிய குரல்களில் ஒன்றைத் தெரிந்தெடுக்கும்பொருட்டுக் கேட்கும்போது, ஒலிப்பதிவாளர் இரண்டையும் ஒருங்கே ஓடவிட்டுவிட்டார். ஒருவரே தம்மோடு தாம் உரையாடுவது போல ஒலித்தது. அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

கோர்டிக்குப் பாட்டுப் பிடிக்கவில்லை. அவர் மாவின் கேக்கு மைத்துனருமாவார். தமக்கையைக் கொடுத்த உறவு. காதற் பாடகன் என்ற பெயரை வைத்துக்கொண்டு அரசியல் பேசினால் கேட்பவர்கள் விலகுவார்கள் என்று அவர் அஞ்சினார். இதை வெளியிடாவிட்டால் வேறெதையும் பாடமாட்டேன் என்று மாவின் கே அடம்பிடித்தார். மாதங்கள் கழிந்தன. 1971 ஜனவரியில், கோர்டி அறியாமலே, நிறுவனத்தார் சிலர் அதை வெளியிட்டுவிட்டனர். சோல் பட்டியலில் அது முதலிடத்தையும், பொதுப் பட்டியலில் இரண்டாம் இடத்தையும் பெற்றது. உடனே நெடுந்தட்டு வேண்டும் என்று கோர்டியே கேட்டார்! மார்ச் மாதத்தில் பத்து நாள் அளவிலே எஞ்சிய பாட்டுகளைப் பதிந்து முடித்தார்கள். மே 21ஆம் திகதி 'வட்ஸ் கோயிங் ஒன்' என்ற நெடுந்தட்டு வெளிவந்தது.

ஒன்பது பாட்டுகள், முப்பத்தைந்து நிமிடங்கள். ஒரு பாட்டு முடியுமுன் அடுத்தது அதனுள்ளிருந்து முளைக்கின்றது. போரிலிருந்து திரும்பியவன், வேலையில்லாதவன், போதைப் பொருளுக்கு அடிமையானவன், நச்சுப் புகையால் கெட்ட காற்று, மீனில் ஏறிய பாதரசம் ஆகிய அனைத்தையும் ஒரே மென்மையான குரல் சொல்லிக்கொண்டு போகின்றது. கோபம் உண்டு, கூச்சல் இல்லை. இதன் சிறப்பு இந்த முரணிலேதான் இருக்கின்றது என்பது என் எண்ணம்.

'றோலிங் ஸ்ரோன்' ஏட்டில் வின்ஸ் அலெற்றி இதை வரவேற்று எழுதினார். றொபேட் கிறிஸ்ற்கோ என்ற மதிப்புக்குரிய விமரிசகரோ மூன்று பாட்டுகளே சிறந்தவை, மற்றவை அத்தனை திறமானவையல்ல என்றார். அந்த மூன்றுமே விற்பனைப் பட்டியலில் முதற் பத்துக்குள் வந்தவை என்பதைப் பார்க்கும்போது அவர் காதும் மந்தமானதல்ல என்று தெரிகிறது. ஆனால் ஒன்பதையும் தொடர்ந்து கேட்பவனுக்கு அந்தக் கணக்குச் சரிவராது. 2003இல் 'றோலிங் ஸ்ரோன்' ஐந்நூறு சிறந்த நெடுந்தட்டுகளைத் தெரிந்தபோது முதலிடம் 'சார்ஜன்ற் பெப்ப'ருக்குக் கிடைத்தது. மாவின் கேயின் தட்டு ஆறாவது. 2020இல் வாக்களித்தோர் மாறினர். மாவின் கே முதலிடத்துக்கு வந்தார். பீற்றில்ஸின் தட்டு இருபத்துநான்காம் இடத்துக்கு இறங்கிற்று. இடைப்பட்ட காலத்தில் இரண்டு தட்டுகளிலும் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை.

இன்னொரு தீர்ப்பு மிகப் பிந்தி வந்தது. மோற்றவுண் தட்டுகளில் வாத்தியம் வாசித்தவர்களின் பெயர்கள் பல்லாண்டுகளாக உறைகளில் அச்சிடப்பட்டதில்லை. எந்த விமரிசகனுக்கும் அவர்கள் பெயர் தெரியாது. 'வட்ஸ் கோயிங் ஒன்' உறையிலேதான் அப்பெயர்கள் முதன்முதலாக வெளிவந்தன. பேஸ் கிற்றார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனும் அவர்களுள் ஒருவர். அடுத்த ஆண்டு, 1972இல், நிறுவனம் லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் பெயர்ந்தது. டெற்றோயிற் வாத்தியக்காரர் பலர் பிழைப்பிழந்தனர். ஜேமர்சன் 1983இல் நாற்பத்தேழாவது வயதில் காலமானார். 1984 ஏப்ரல் முதலாந் திகதி மாவின் கே தம் தந்தையாராலேயே சுடப்பட்டு இறந்தார். மறுநாள் அவருக்கு நாற்பத்தைந்து வயது நிறைந்திருக்கும். றொக் இசைப் புகழ்மண்டபத்தில் ஜேமர்சனின் பெயர் பொறிக்கப்பட்டது 2000ஆம் ஆண்டில். மேற்கு கிரான்ட் பூலிவாட் வீட்டை 1985இல் நூதனசாலையாக்கினார்கள். கூரையிலிருந்து மின்கம்பிகள் நெளிந்து தொங்கியதால் வாத்தியக்காரர் 'பாம்புக் குழி' என்று அழைத்த அந்தச் சிறிய அறையைப் பார்க்கத் தூர தேசங்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர்.