ஜிபி கணக்கு வந்த கதை

மாதப் பராமரிப்புத் தொகையைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று வாங்குவதா, வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாக வாங்குவதா? இந்தப் பேச்சு எழாத பொதுக்குழு எந்த அடுக்ககத்திலும் நடந்திருக்காது. தரைத்தள வீட்டுக்காரர் லிஃப்டுக்கு எதற்குப் பணம் என்பார். தண்ணீர் லாரி என்று வந்தால் மட்டும் அதிகம் சண்டை இருக்காது. ஒவ்வொரு லோடுக்கும் காசு போகிறது, அதிகம் செலவழிப்பவர் அதிகம் கொடுக்கட்டும், மீட்டர் வையுங்கள் என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள்.

நம் கைப்பேசி டேட்டா இதில் எந்த வகை? ஜிபி கணக்கில் விற்பதால் தண்ணீர் லாரி மாதிரி தோன்றுகிறது. உண்மையில் அது லிஃப்ட். டவர், அலைக்கற்றை, கேபிள் எல்லாம் முன்கூட்டியே செலவழித்து வைத்தவை. நீங்கள் ஒரு படம் கூடுதலாகப் பார்ப்பதால் கம்பெனிக்கு ஆகும் தனிச்செலவு மிகச் சொற்பம். பிறகு ஏன் அளந்து விற்கிறார்கள்? இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தந்திக்கு வார்த்தைக் கணக்கு. அதனால்தான் ‘உடனே புறப்படு’ என்று இரண்டே வார்த்தையில் வயிற்றைக் கலக்கினார்கள். 2013 ஜூலையில் தந்திச் சேவையே முடிந்துபோனது. தொலைபேசிக்குத் தூரமும் நேரமும் கணக்கு. நம் பகுதியில் பழைய ஆட்களுக்கு 04114 என்ற செங்கல்பட்டுக் குறியீடு நினைவிருக்கும். இன்று 044-க்குப் பின் 2745 என்று தொடங்கும் நம்மூர் எண்கள் அன்று அதற்குள் இருந்தவை. வெளியூருக்கு எஸ்.டி.டி. போட்டால் தூரம் கூடக் கூட மீட்டர் வேகமாக ஓடும். இரவு 11 மணிக்கு மேல் கால் கட்டணம் என்பதால் அந்த நேரத்தில் மஞ்சள் போர்டு பூத்களில் வரிசை நிற்கும். பகலில் லைன்கள் நிரம்பி வழியும், இரவில் காலியாகக் கிடக்கும். காலியாகக் கிடப்பதை மலிவாக விற்றார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1995-இல் செல்பேசி வந்தபோதும் அதே நிமிடக் கணக்குதான். உச்ச நேரத்தில் நிமிடத்துக்கு ரூ. 16.80 வரை வாங்க உரிம விதி இடம் கொடுத்தது. வரும் அழைப்புக்கும் நாமே காசு கொடுத்தோம். அது 2003 மே மாதத்தில்தான் நின்றது. அப்போது சென்னை ஒரு தனி வட்டம், தமிழ்நாடு வேறு வட்டம். சென்னை வட்டம் எதுவரை என்று சொல்லும் உரிமப் பத்திர வரியில் சென்னை டெலிபோன்ஸ் பகுதியோடு மறைமலைநகர் ஏற்றுமதி மண்டலம், மீஞ்சூர், மாமல்லபுரம் ஆகிய பெயர்களும் இருக்கும். லேண்ட்லைன் குறியீட்டில் செங்கல்பட்டு, செல்பேசி உரிமத்தில் சென்னை என்று இரண்டு பக்கமும் கால் வைத்திருந்த ஊர் நம்முடையது. அந்தக் கோட்டைத் தாண்டினால் ரோமிங். 2005-இல் இரு வட்டங்களும் ஒன்றாயின.

மறு வருடமே தூரக் கணக்கு ஆட்டம் கண்டது. தயாநிதி மாறன் தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்த காலத்தில், 2006 மார்ச் 1 முதல் பி.எஸ்.என்.எல். ‘ஒன் இந்தியா’ திட்டத்தைக் கொண்டுவந்தது. காஷ்மீருக்குப் பேசினாலும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய். 2009-இல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று இறங்கியதும் நிமிடக் கணக்கும் உடைந்தது.

இணையம் முதலில் நேரக் கணக்கில்தான் வந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். தொடங்கிய சேவையில் சென்னையும் இருந்தது. 250 மணி நேரம் என்று மணிக்கணக்கில் விற்றார்கள். மோடம் கீச்சிட்டு இணைந்தபின் நீங்கள் எதுவும் படிக்காமல் காபி குடிக்கப் போனாலும் லைன் உங்களுடையது. வேறு யாரும் அதில் நுழைய முடியாது. ஆகவே நேரத்துக்குக் காசு வாங்கியது நியாயமே.

செல்பேசியில் ஜி.பி.ஆர்.எஸ். வந்ததும் இந்த நியாயம் போய்விட்டது. அதில் தகவல் சிறு சிறு பொட்டலங்களாகப் போகிறது. அனுப்பும்போது மட்டுமே அலைவரிசையைப் பிடிக்கும், சும்மா இருக்கும்போது அடுத்தவருக்கு விட்டுவிடும். நாள் முழுக்க இணைப்பில் இருக்கலாம். இதில் மணியைப் பார்த்து எப்படிப் பில் போடுவது? எண்ணக்கூடியதாக மிஞ்சியது பொட்டலங்களின் அளவு மட்டும்தான். பல கம்பெனிகள் ‘10 கேபிக்கு 10 பைசா’ என்றன. கேட்கச் சின்னத் தொகை. இன்றைய ஒரு ஜிபிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: சுமார் ரூ. 10,486! தெரியாமல் ஒரு பட்டனை அழுத்தி பேலன்ஸ் முழுவதையும் இழந்த அனுபவம் அந்தக் காலத்தில் பலருக்கும் உண்டு.

அப்புறம் அலைக்கற்றை ஏலம். 2010-இல் 34 நாட்கள் நடந்த 3ஜி ஏலத்தில் அரசுக்குக் கிடைத்தது ரூ. 67,719 கோடி. தமிழ்நாட்டு வட்டத்துக்கு மட்டும் ஏர்டெல், வோடஃபோன், ஏர்செல் மூன்றும் தலைக்குச் சுமார் ரூ. 1,465 கோடி கொடுத்தன. இவ்வளவு கொடுத்ததால்தான் டேட்டா விலை என்று பலர் சொல்வார்கள். பாதிதான் சரி. அது ஒருமுறை கொடுத்த பணம். நீங்கள் டேட்டா பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் அதில் மாற்றமில்லை. அந்தப் பணத்தை யாரிடம் எவ்வளவு வசூலிப்பது என்பதற்கான பங்கீட்டு முறைதான் ஜிபி. நம் சதுர அடிச் சண்டையேதான்.

ஆனால் லிஃப்டிலும் ஒரு சிக்கல் உண்டு. காலை எட்டரை மணிக்குப் பள்ளிப் பைகளும் ஆபீஸ் பைகளும் சேர்ந்து வந்தால் எல்லோரும் காத்திருக்கத்தான் வேண்டும். டவரும் அப்படியே. ஒரு டவரின் கொள்ளளவை அதைச் சுற்றியுள்ள எல்லோரும் பங்குபோடுகிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு ஐ.பி.எல். ஓடும்போது கூடுதலாக ஒருவர் படம் பார்த்தால் எல்லோருக்கும் சுற்றும். விடியற்காலை மூன்று மணிக்கு அதே படத்தைப் பார்த்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஜிபி கணக்கு இந்த இரண்டையும் ஒன்றாகவே எண்ணுகிறது. பி.எஸ்.என்.எல். பிராட்பேண்டின் 500 ரூபாய்த் திட்டத்தில் இரவு 2 முதல் காலை 8 வரை கணக்கில்லை என்று இருந்ததும், வோடஃபோன் ஐடியா நள்ளிரவு 12 முதல் 6 வரை அளவில்லாமல் கொடுத்ததும் இதனால்தான். எஸ்.டி.டி. பூத்தின் 11 மணி வரிசை வேறு உருவில் திரும்பி வந்தது, அவ்வளவே.

விலை விழுந்த கதை எல்லோருக்கும் தெரியும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டிராய் கணக்குப்படி ஒரு ஜிபிக்குச் சராசரியாக 2014-இல் ரூ. 269 கொடுத்தோம், 2018-இல் ரூ. 11.78. மாதத்துக்கு ஒரு ஜிபி என்பது மாறி நாளுக்கு ஒரு ஜிபி, ஒன்றரை ஜிபி ஆனது. மிச்சம் நள்ளிரவோடு போய்விடும். எல்லோரும் ஒரே நாளில் தீர்த்துக்கட்டி டவரைத் திணறடிக்காமல் இருக்க இது உதவும் என்பது உண்மை. வாங்கியதைச் சேர்த்துவைக்க முடியாமல் செய்வதும் உண்மை.

அளவுக் கணக்கின் பக்கம் நியாயமாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. 2014 டிசம்பரில் ஏர்டெல், இணையம் வழியாகப் பேசும் அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் கைவிட்டது. பிறகு சில தளங்கள் மட்டும் இலவசம் என்ற ஃபேஸ்புக்கின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ வந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் டிராய்க்குப் போயின. 2016 பிப்ரவரி 8 அன்று, எதைப் பார்க்கிறீர்கள் என்பதை வைத்து விலையை மாற்றக் கூடாது என்று டிராய் விதி போட்டது. எவ்வளவு என்று எண்ணலாம், என்ன என்று எட்டிப்பார்க்கக் கூடாது. ஜிபி கணக்கு குறையுள்ளதுதான், ஆனால் பாரபட்சம் பார்க்காது.

வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைப்பில் விலை வேகத்தை வைத்து. அளவு வரம்பு மாதம் 3,300 ஜிபி மாதிரி, நாம் தொடவே மாட்டோம். கண்ணாடி இழையில் நெரிசல் அரிது. ஆகவே வீட்டில் வைஃபை உள்ளவர்கள் கைப்பேசிக்கும் நாளுக்கு 2 ஜிபி திட்டம் போட்டிருந்தால், ஒரு வாரம் உண்மையில் எத்தனை ஜிபி கைப்பேசியில் போகிறது என்று செட்டிங்ஸில் பார்த்துவிட்டு ரீசார்ஜ் செய்யுங்கள்.

நம் வாட்ச்மேன் அண்ணன்களும், பட்டன் போன் வைத்திருக்கும் தாத்தா பாட்டிகளும் தொடாத ஜிபிக்குப் பல வருடம் காசு கொடுத்தார்கள். 28 நாள் திட்டம் என்றால் வருடத்துக்கு 13 முறை. 2022 ஜனவரியில் டிராய், 30 நாள் திட்டம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்றது. 2024 டிசம்பர் 23 அன்று, டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்.எம்.எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டம் ஒன்றாவது கட்டாயம், இத்தகைய சிறப்புத் திட்டங்கள் 365 நாள் வரை இருக்கலாம் என்றது. கம்பெனிகள் 2025 ஜனவரியில் வெளியிட்டன. ஆப்பில் இது கண்ணில் படும் இடத்தில் இருக்காது, கீழே தள்ளித் தேட வேண்டும். கடையில் கேட்டாலும் முதலில் டேட்டா பேக்கைத்தான் நீட்டுவார்கள். ‘வாய்ஸ் ஒன்லி’ என்று கேளுங்கள்.