நாங்கூழ் முதல் நெகிழிப் பெட்டி வரை



எங்கள் பள்ளியின் நான்காம் ஆண்டு மாணாக்கர் சிலர், சமையலறைக் கழிவை மண்புழுவுக்கு இட்டு உரமாக்கும் சிறு முயற்சியைத் தொடங்கினர். மூன்றாம் நாளே ஒரு மாணவியின் தாயார் தொலைபேசியில் அழைத்தார். "டீச்சர், பிள்ளைய படிக்கத்தான் அனுப்புறேன், புழு பொறுக்க இல்ல" என்றார். அவருடைய சினத்தை நான் குறை கூற மாட்டேன். நம்மில் பலர் தோட்டப்புறத்தினின்று வந்தவர்கள். மண்ணையும் சாணத்தையும் அள்ளியவர்கள், தம் பிள்ளைகளாவது அவற்றைத் தொடாதிருக்க வேண்டும் என எண்ணுவது இயல்பே. அன்று அவருக்கு முழுமையான மறுமொழி தர என்னால் இயலவில்லை. அதனை இங்கு எழுதுகின்றேன்.

மண்புழுவைப் பயிருக்குப் பகையென்று எண்ணிய காலம் ஒன்றிருந்தது. இங்கிலாந்தின் செல்போர்ன் சிற்றூரில் வாழ்ந்த கில்பர்ட் ஒயிட் என்னும் பாதிரியார், 1777ஆம் ஆண்டு எழுதிய கடிதமொன்றில் இக்கருத்தை மறுத்தார். புழு நிலத்தைத் துளைத்து நெகிழச் செய்வதால் மழைநீரும் வேரும் உட்செல்கின்றன. அது இல்லையெனில் நிலம் இறுகிப் போகும் என்பது அவர் கண்டது. அக்கடிதம் 1789இல் நூலாக வெளிவந்தது.

அடுத்து வருபவர் சார்லஸ் டார்வின். குரங்கினின்று மனிதன் என்ற ஒற்றை வரியோடு அவரை நிறுத்திவிடுகின்றோம். அது அவருக்கு நாம் இழைக்கும் அநீதி. கடற்பயணம் முடிந்து திரும்பிய டார்வினிடம் அவருடைய மாமா ஜோசையா வெட்ஜ்வுட் தம் வயலைக் காட்டினார். சில ஆண்டுகளுக்கு முன் மேலே தூவிய சுண்ணாம்பும் கரித்துண்டுகளும் புல்லுக்குக் கீழே சில அங்குல ஆழத்தில் கிடந்தன. அவை தாமாக இறங்கவில்லை, புழுக்கள் நாள்தோறும் மண்ணை மேலே கொணர்ந்து கொட்டுவதால் மூடப்பட்டன என்றார் மாமா. இதனை டார்வின் 1837இல் இலண்டன் புவியியல் கழகத்தில் கட்டுரையாகப் படித்தார்.

அதன்பின் அவர் செய்ததுதான் ஆசிரியர்களாகிய நம்மை வியக்க வைக்கின்றது. 1842 டிசம்பரில் தம் வீட்டருகே ஒரு வயலில் சுண்ணக்கட்டித் துண்டுகளைப் பரப்பினார். பரப்பிவிட்டுக் காத்திருந்தார். 1871 நவம்பரில் அவ்விடத்தைத் தோண்டினார். 29 ஆண்டுகளில் அத்துண்டுகள் 7 அங்குல ஆழத்தில் புதைந்திருந்தன! ஒரு தவணைக்குள் செயல்திட்ட அறிக்கை கேட்கும் நாம் இந்த 29 ஆண்டுகளை என்ன செய்வது?

இடையில் எதிர்ப்பும் வந்தது. இத்துணைச் சிறிய, வலுவற்ற உயிர் இவ்வளவு பெரிய வேலையைச் செய்திருக்க முடியாது என்று 1869இல் ஒருவர் எழுதினார். சிறு செயல் இடைவிடாது நிகழும்போது அதன் கூட்டுத்தொகையை மனிதரால் கணிக்க இயலவில்லை என்பதே டார்வினின் மறுமொழி. மண்நிறை தொட்டிகளில் புழுக்களை வீட்டுக்குள்ளேயே வைத்து, எந்த இலையை விரும்பி உண்கின்றன எனச் சோதித்தார். அவருடைய மகன் குழலூதிக் காட்டினார், புழுக்கள் அசையவில்லை. தொட்டியைப் பியானோவின் மீது வைத்து இசைத்தபோது அதிர்வை உணர்ந்து வளைக்குள் ஒடுங்கின. இவையனைத்தும் 1881இல் நூலாயின. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவர் மறைந்தார்.

தமிழுக்கும் இதில் இடமுண்டு. மண்புழுவின் பழம்பெயர் நாங்கூழ். 1891இல் வெளிவந்த பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' நாடகத்தில், நடராசன் என்னும் பாத்திரம் நாங்கூழ்ப் புழுவை நேரில் விளித்து, மண்ணை உண்டு பக்குவப்படுத்தி உழவனுக்கு உதவும் அதன் ஓயாத உழைப்பைப் புகழ்கின்றது. டார்வினின் நூல் வந்து பத்தே ஆண்டுகளில்! தமிழ்த்தாய் வாழ்த்தைத் தந்த அதே நூல் என்பதை அத்தாயாரிடம் அன்றே சொல்லியிருக்கலாம்.

புழுவை வீட்டுப் பெட்டிக்குள் கொணர்ந்தவர் நம்மைப் போன்ற ஓர் ஆசிரியை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உயிரியல் கற்பித்த மேரி ஆப்பெல்ஹோஃப், பனிக்காலத்தில் தோட்டத்தில் உரமிட இயலாததால், 1970களின் தொடக்கத்தில் தூண்டிலுக்கு விற்கப்படும் செம்புழுக்களை வாங்கி வீட்டுக்குள் வளர்த்தார். அவர் 1982இல் வெளியிட்ட கையேடு உலகெங்கும் பரவியது.

என் பிழையையும் சொல்லிவிடுகின்றேன். முதல் பெட்டிக்குப் பள்ளித் திடலில் தோண்டிய புழுக்களைப் போட்டேன். சில வெளியேறின, பல மடிந்தன. டார்வின் ஆராய்ந்தவை நிலத்தில் ஆழ வளை தோண்டி வாழ்பவை. ஆப்பெல்ஹோஃப் வளர்த்தவை மட்கும் குப்பையின் மேற்பரப்பில் வாழ்பவை. இரண்டும் வேறு. உரப்பெட்டிக்குப் பின்னவையே ஏற்றவை. நம் நாட்டில் இதற்குப் பெரும்பாலும் ஆப்பிரிக்க இனப் புழுவையே வாங்குகின்றனர். காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, பொடித்த முட்டையோடு போடலாம். மிஞ்சிய சாம்பார், மீன், எண்ணெய்ப் பண்டம் ஆகா; உப்பும் காரமும் புழுவின் ஈரத்தோலைத் தாக்கும். பெட்டி நிழலில் இருத்தல் வேண்டும். நம் வெயிலில் நெகிழிப் பெட்டி ஒரே பிற்பகலில் அடுப்பாகிவிடும்.

நம் நாட்டின் பல மாநிலங்களில் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடுவது கட்டாயமாயிற்று. தாளுக்கும் நெகிழிக்கும் தனி வழி கிடைத்தது. சோற்றுப் பானைக் கழிவோ எஞ்சிய குப்பையோடே சேர்க்கப்பட்டது. அதனால்தான் இப்பெட்டியை நான் விடுவதாக இல்லை.

அம்மாணவியின் பெட்டி இன்னமும் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் பின்புறத்திலேயே உள்ளது. வீட்டில் வைக்க அனுமதி கிட்டவில்லை. ஆயினும் வாரம் இருமுறை வாழைப்பழத் தோலும் தேயிலைச் சக்கையும் நாளிதழில் பொதிந்து, நூல்கொண்டு கட்டப்பட்டு வருகின்றன. கட்டித் தருபவர் யாரென்று நான் கேட்கவில்லை.