கலங்கல் மட்டத்திலிருந்து தொடங்கும் வீட்டுமனை

சென்னை மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ சாலை' இன்றும் இருக்கிறது, ஏரிதான் இல்லை. 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உருவாக்கினார்கள். பிற்பாடு முகப்பேரில் ஏரி நிலத்தில் எழுந்த குடியிருப்புக்கு 'ஏரித் திட்டம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஏரியைத் தூர்க்கலாகாது என்பதை இன்று வெளிப்படையாக மறுப்பவர் அரிது. ஏரியை விட்டுவைத்து அதையொட்டி வீடு கட்டும்போது எதை அளவுகோலாகக் கொள்வது என்பதில்தான் குழப்பம். கலங்கல் மட்டமே அந்த அளவுகோல் என்பது இக்கட்டுரையின் வாதம்.

வட தமிழகச் சமவெளியின் ஏரி, சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் மண்கரை எழுப்பி, மேட்டுப் பக்கத்தைத் திறந்துவிட்ட அமைப்பு. ஆகவே ஏரியை ஒட்டிய நிலம் இரு வகைப்படும். மேட்டுப் பக்கம், நீர் விரிந்து சுருங்கும் உள்வாய். கரைக்கு வெளியே, மதகு வழியாகப் பாசனம் பெற்ற ஆயக்கட்டு. நிறைந்த ஏரியின் நீர்மட்டத்தைவிட இது தாழ்வானது. மனை விற்பவருக்கு இரண்டும் ஒரே விலைப்பட்டியல். வெள்ளம் வந்தால் உள்வாயில் நீர் மெல்ல ஏறும்; ஆயக்கட்டிலோ கரை உடைந்தால் ஒரே பாய்ச்சலாக இறங்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவே நின்று நீரை அளப்பது கலங்கல். மிகுதி நீர் வழிந்தோடக் கட்டிய கல்வரம்பு அது. பழைய கலங்கல்களின் தலையில் நட்டுவைத்த கற்கள் வரிசையாக நிற்கும். மழை ஓயும் தறுவாயில் அவற்றின் இடைவெளிகளை மண்ணும் புல்லும் வைத்து அடைத்துக் கொஞ்சம் கூடுதலாக நீர் தேக்குவார்கள். வெள்ளம் கலங்கலைத் தாண்டிப் பாயும்போதும் நீர்மட்டம் அதன் தலைக்கு மேலேதான் நிற்கும். அதாவது, கலங்கலின் தலை காட்டும் முழுக் கொள்ளளவு மட்டம் ஏரியின் உச்ச மட்டம் அன்று; வெள்ளத்தில் நீர் ஏறி நிற்கும் பெருவெள்ள மட்டம் அதற்கும் மேலே.

சென்னையைப் போன்ற தட்டையான நிலத்தில் இந்த வேறுபாடு பெரிது. 500 அடிக்கு ஓர் அடி சரியும் உள்வாயில் நீர் ஓர் அடி உயர்ந்தால், நீர்விளிம்பு 500 அடி உள்ளே வந்துவிடும். மண் கொட்டி மனையை உயர்த்துவதும் தீர்வாகாது. அந்த இடத்தில் நிற்கவேண்டிய நீர் பக்கத்து மனைக்குப் போகும். உள்வாய்ப் பக்கத்தில் வீட்டுத் தரைமட்டத்தைப் பெருவெள்ள மட்டத்துக்கு மேல் வைத்து, கீழ்த்தளத்தைத் தூண்களோடு திறந்துவிடுவதே பொருத்தம். சுற்றுச்சுவரும் நீரோட்டத்துக்குக் குறுக்கே வரக்கூடாது. ஆயக்கட்டுப் பக்கத்தில் முதலில் காக்க வேண்டியவை கரையின் அடிவாரமும், கலங்கலிலிருந்து அடுத்த ஏரிக்கு ஓடும் போக்குக் கால்வாயும்.

ஏரியைச் சேரும் நீரின் தரத்துக்கு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கிரேஸ்லேக் அருகே உள்ள பிரெய்ரி கிராசிங் நல்ல முன்மாதிரி. சுமார் 2,400 வீடுகளுக்குத் திட்டமிட்டிருந்த அந்த நிலத்தை, 1987-இல் அக்கம்பக்கத்தார் சேர்ந்து வாங்கினார்கள். 677 ஏக்கரில் 359 தனிவீடுகளே எழுந்தன. பாதிக்கும் மேற்பட்ட நிலம் திறந்தவெளி. தெருமழை புல்லோடைகளில் இறங்கி, புல்வெளியிலும் சதுப்பிலும் வடிந்த பிறகே ஆல்டோ லியோபோல்ட் ஏரியைச் சேர்கிறது. அங்கே அரிய உள்நாட்டு மீன்களையும் விட்டு வளர்க்க முடிந்தது.

அவ்வளவு நிலத்தை விட்டுக்கொடுக்க இங்கே யாருக்குக் கட்டுப்படியாகும் என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக எஞ்சிய பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாகத் தானப் பத்திரம் எழுதித்தர வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. விற்காத மூலையை ஒதுக்கிவிடாமல், அந்தப் பங்கை வரத்துக்கால்வாயின் இருபுறமும் நீளப்பட்டையாக வைத்தால், கூடுதலாக ஒரு மனையையும் இழக்காமலே புல்லோடைக்கு இடம் கிடைக்கும்.

2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம், எல்லையை அளந்து ஆக்கிரமிப்பை அகற்ற வழி சொல்கிறது. எல்லைக்கு வெளியே சொந்தப் பட்டா நிலத்தில் எழும் வீட்டுக்கும் அதே நீர்தான் வரும். எனவே ஏரியை ஒட்டிய ஒவ்வொரு மனைப்பிரிவு வரைபடத்திலும் கலங்கல் மட்டம், பெருவெள்ள மட்டம், வரத்து, போக்கு என்ற நான்கையும் குறித்த பிறகே சாலைக்கோடு போட அனுமதிக்க வேண்டும்.