வாரநாள் வண்டி, ஞாயிற்றுக்கிழமை வீடு

தமிழில் கேரவன் என்று சொன்னால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிற்கும் ஏசி வண்டிதான் நினைவுக்கு வரும். ஜெர்மனியிலோ காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகிற சக்கர வீட்டைத்தான் அப்படிச் சொல்வார்கள். நான் எழுத வந்தது இரண்டையும் பற்றி அல்ல. காலையில் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அப்படியே ஆபீசுக்குப் போய், சாயங்காலம் அரிசி மூட்டையும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு வருகிற அதே வண்டியில், வெள்ளிக்கிழமை இரவு எங்காவது ஏரிக்கரையில் நிறுத்திப் படுத்துத் தூங்கவும் முடியும் என்றால், அந்த வண்டியைப் பற்றி. வீட்டுக்கு வேறு வண்டி கிடையாது. மோட்டார்ஹோமே தினசரி வண்டி.

"அது எப்படிங்க தினமும் ஒரு வீட்டையே ஓட்டிக்கிட்டுப் போறது?" என்று கேட்காதவர்கள் குறைவு. ஏதோ வசதியானவர்களின் கிறுக்கு என்றுதான் பார்ப்பார்கள். வரலாற்றைப் பார்த்தால் கதை தலைகீழாக இருக்கிறது. முதலில் இருந்தது தினசரி வண்டி. அதையே வீடாகவும் ஆக்கியது இல்லாமைதான்.

போர் முடிந்த சமயம். வோல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலை பிரிட்டிஷ் ராணுவத்தின் பொறுப்பில், மேஜர் ஐவன் ஹர்ஸ்டின் கையில் இருந்தது. ஆலைக்குள் உதிரிபாகங்களை நகர்த்த வண்டி இல்லை. பீட்டில் காரின் அடித்தளத்தின் மேல் ஒரு பலகையைப் போட்டு, பின்பக்கம் எஞ்சினுக்கு மேல் ஓட்டுநரை உட்காரவைத்து, ஒரு தள்ளுவண்டி மாதிரி செய்துகொண்டார்கள். டச்சு இறக்குமதியாளர் பென் போன் அதைப் பார்த்தார். நெதர்லாந்தில் இது விற்கும் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் ஓட்டுநர் பின்னால் உட்காரும் வண்டிக்கு அந்த நாட்டுப் போக்குவரத்துத் துறை அனுமதி தரவில்லை. 1947 ஏப்ரல் 23 அன்று அவர் தன் குறிப்பேட்டில் ஒரு படம் கிறுக்கினார். கிட்டத்தட்ட ஒரு ரொட்டித்துண்டு. ஓட்டுநர் முன்னால், எஞ்சின் பின்னால், நடுவில் 750 கிலோ சரக்கு.

பொறியியல் படித்தவன் என்பதால் இந்தப் படத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவேன். சரக்கு இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் உட்காருகிறது. அதனால் வண்டி காலியாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் முன்னுக்கும் பின்னுக்கும் எடை ஏறக்குறைய ஒரே விகிதத்தில் விழும். எஞ்சினும் பின்னால், அது சுழற்றும் சக்கரமும் பின்னால். ஆகவே தரைக்கடியில் நீளமான சுழல்தண்டு ஓடவில்லை. நடுத்தளம் தாழ்வாகவும் தட்டையாகவும் இருந்தது. ஏறி இறங்கும் கதவு பக்கவாட்டில். தாழ்ந்த தட்டையான தரை, பக்கத்தில் ஒரு வாசல், பின்னால் எஞ்சினுக்கு மேல் ஒரு திண்ணை: வரைந்தவருக்கே தெரியாமல் அது ஒரு அறை ஆகிவிட்டது. வண்டிக்கு வந்த பிற்கால வாழ்வெல்லாம் இந்த அமைப்பில் ஏற்கெனவே இருந்தது என்றே நினைக்கிறேன்.

பீட்டிலின் அடித்தளம் இந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. தனிச்சட்டம் போட வேண்டியிருந்தது. 1950 மார்ச்சில் உற்பத்தி தொடங்கியது. 1131 சிசி, 25 குதிரைத்திறன். அந்த ஆண்டே வந்த ஒரு வகைக்குக் கோம்பி என்று பெயர், ஜெர்மனில் 'இணைப்பு வண்டி' என்ற நீண்ட சொல்லின் சுருக்கம். ஜன்னல்கள் உண்டு, பின்னிருக்கைகளைக் கழற்றலாம். திங்கள்கிழமை பெயின்ட் டப்பாக்கள், ஞாயிற்றுக்கிழமை மாமியார். ஒரே வண்டி வாங்கத்தான் காசு இருந்த ஒரு நாட்டில், தச்சரும் பிளம்பரும் ரொட்டிக் கடைக்காரரும் வாங்கியது இதைத்தான்.

வீடன்ப்ரூக் என்ற ஊரில் வெஸ்ட்ஃபாலியா என்ற நிறுவனம் 1844 முதல் இருந்தது. கொல்லுப்பட்டறையாகத் தொடங்கி குதிரைவண்டிகள் செய்தவர்கள். 1951இல் அவர்கள் 'கேம்பிங் பெட்டி' என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பெயருக்கேற்ற பெட்டிதான். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் நிற்கும் ஓர் அலமாரி, உள்ளே படுக்கைச் சாமான்கள், விரித்தால் கட்டில் ஆகும் மெத்தைகள், தேவைப்பட்டால் ஓர் அடுப்பு, கதவில் மாட்டிக்கொள்ள முகம் கழுவுவதற்கான சிறு தட்டு. முக்கியமான விஷயம், மொத்தத்தையும் கழற்றி இறக்கிவிடலாம். வேலை நாளில் பெட்டி வீட்டில், வண்டி வேலையில். வீட்டை வண்டிக்குள் வைக்கலாம், எடுக்கலாம். மோட்டார்ஹோம் பற்றிய இத்தனை வருட விவாதத்தில் இதைவிடத் தெளிவான பதிலை நான் பார்க்கவில்லை.

ஆனால் 1951இல் ஒரு ஜெர்மன் தொழிலாளிக்கு வாரக்கடைசி என்று ஒன்று இருந்ததா? சனிக்கிழமையும் வேலை, வாரத்துக்கு 48 மணி நேரம் சாதாரணம். 1956 மே தினத்துக்குத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஒட்டிய சுவரொட்டியில் ஒரு குழந்தை, சனிக்கிழமை அப்பா எனக்குத்தான் சொந்தம் என்கிறது. உலோகத் தொழிலில் 40 மணி நேர வாரம் வந்தது 1967இல். அந்த வண்டியின் இரண்டாம் தலைமுறை வெளிவந்ததும் அதே ஆண்டுதான். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனாலும் கேம்பிங் வண்டியின் கதையை ஹிப்பிகளோடு மட்டும் சேர்த்துச் சொல்பவர்கள், அதில் படுத்துத் தூங்க ஒரு சனிக்கிழமை வேண்டியிருந்ததையும், அது போராடி வாங்கப்பட்டதையும் மறந்துவிடுகிறார்கள்.

பிரிட்டனில் கதை வேறு. அங்கே வண்டியை வீடாக்கியதில் வரிக்குப் பெரும்பங்கு உண்டு. புதிய கார்களுக்குக் கடுமையான கொள்முதல் வரி. சரக்கு வேன் வாங்கினால் மணிக்கு 30 மைல் வேக வரம்பு. ஜன்னல் வைத்து ஆள் ஏற்றினால் அது கார் ஆகிவிடும், வரி கட்டு. ஆனால் படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் நிலையாகப் பொருத்திய வண்டி மோட்டார் கேரவன். அதற்குக் கொள்முதல் வரி கிடையாது. கணக்குப் போடத் தெரிந்த குடும்பஸ்தன் என்ன செய்வான்? ஃபோக்ஸ்டோன் ஊரின் மார்ட்டின் வால்டர் நிறுவனம் பெட்ஃபோர்டு வேன்களை 'டார்மொபைல்' ஆக்கி விற்றது. வீட்டின் ஒரே காராக அதை வாங்கியவர்கள் அடுப்போடு சேர்த்தே வாங்கினார்கள். சிலர் அந்த அடுப்பைப் பற்றவே வைத்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

இதில் ஒரு விநோதம் இருக்கிறது, கவனித்தீர்களா? ஜெர்மனியில் சமையலறையைக் கழற்ற முடிந்ததுதான் வண்டியைத் தினசரி வண்டியாக வைத்தது. பிரிட்டனில் சமையலறையைக் கழற்ற முடியாததுதான் அதே வேலையைச் செய்தது. 1973இல் கொள்முதல் வரி போய் மதிப்புக் கூட்டு வரி வந்தபோது அந்தக் கணக்கும் முடிந்தது. அமெரிக்காவிலும் இதே மாதிரிதான். ஐரோப்பா கோழி இறைச்சிக்கு வரி போட்டதற்குப் பதிலடியாக 1964 முதல் இறக்குமதி லைட் டிரக்குகளுக்கு 25% தீர்வை. வோக்ஸ்வாகனின் சரக்கு வேன்கள் அடிபட்டன; ஜன்னலும் இருக்கையும் கொண்டவை தப்பின.

சட்டத்துக்கு அடுத்தபடியாக இந்த வண்டியின் தலையெழுத்தை எழுதியது ஓர் இரும்புக் கம்பி. வாகன நிறுத்தத்தின் வாசலில் தொங்குமே, அந்தக் கம்பி. மனிதன் உள்ளே நிமிர்ந்து நிற்க வேண்டும். வண்டியோ கம்பிக்கு அடியில் நுழைய வேண்டும். இரண்டும் ஒருசேர நடக்காது. டார்மொபைல்காரர்கள் கூரையை ஒரு பக்கம் கீல் வைத்துக் கோடுபோட்ட துணியோடு தூக்கியது இதற்கான விடைகளில் ஒன்று. பகலில் காரின் உயரம், இரவில் வீட்டின் உயரம். இன்றும் அதுதான் விடை. வோக்ஸ்வாகன் 1988இல் கலிஃபோர்னியா என்ற பெயரில் விற்கத் தொடங்கிய வண்டி, 2003இலிருந்து வெஸ்ட்ஃபாலியாவை விட்டு விலகி ஹனோவரிலேயே தயாரானது. அதன் உயரம் 1.99 மீட்டர். இரண்டு மீட்டர் கம்பிக்கு ஒரு சென்டிமீட்டர் குறைவு. தற்செயல் அல்ல. எங்கள் அடுக்குமாடியின் நிலத்தடி நிறுத்தத்தில் 1.90தான், அது நுழையாது.

விலைதான் உறுத்துகிறது. இன்று புதிய கலிஃபோர்னியா அறுபதாயிரம் யூரோவுக்குக் குறையாது. இரண்டாவது வண்டி வாங்க முடியாதவனுக்காக உருவான யோசனை, இரண்டு வண்டி வாங்கும் விலைக்கு வந்துவிட்டது. எங்கள் தெருவில் அது வைத்திருக்கும் இரண்டு வீடுகளிலும் பல் டாக்டர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, பொறாமை உண்டு. தச்சர்களும் மின்பணியாளர்களும் வெள்ளை வேன்களில் போகிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்தால், அவர்களில் ஒருவர் ஏணியையும் கம்பிச் சுருளையும் இறக்கி வைத்துவிட்டு உள்ளே மெத்தையை ஏற்றுகிறார். 1951இன் யோசனையை இந்தத் தெருவில் காப்பாற்றிக்கொண்டிருப்பவர் அவர்தான்.

எங்கள் வீட்டில் இப்போது பேச்சு அதுதான். பழைய வேன் ஒன்று, அதற்குள் வைக்க ஒரு கழற்றும் பெட்டி. அதெல்லாம் இப்போது செய்து விற்கிறார்கள். இருக்கும் காரைக் கொடுத்துவிடுவது. வண்டி தெருவில் நிற்கட்டும், பரவாயில்லை. மனைவி கேட்ட கேள்விக்குத்தான் எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை: திங்கள் முதல் வெள்ளி வரை அந்தப் பெட்டி எங்கே இருக்கும்? அந்தக் காலத்து பிளம்பர் எங்கே வைத்தாரோ. நேற்று கீழே நிலவறைக்குப் போய் டேப் வைத்து அளந்தேன். சைக்கிள்களைச் சுவரில் மாட்டினால் இடம் இருக்கிறது.