மோட்டார் வண்டியின் நாடி

நடந்து சென்ற காலத்தில் வழியில் தாகம் எடுத்தது மனிதனுக்கு. வண்டி பூட்டிய காலத்தில் மாட்டுக்கு. யந்திரம் வந்த பின்னும் அத்தாகம் ஒழியவில்லை. காரல் பென்ஸ் 1886-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டி, நீரை ஆவியாக்கியே தன் சூட்டைத் தணித்துக்கொண்டது. 1888-இல் அவருடைய துணைவியார் பெர்த்தா பென்ஸ் மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை, நூறு கிலோமீட்டருக்கும் மேலான தொலைவை அவ்வகை வண்டியில் கடந்தார். வழியில் பலமுறை நீர் வார்க்க நேர்ந்தது. அடைபட்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சீர்செய்தவரும் அவரே. பழுதைக் கண்டு, காரணம் தேடி, கைவசமுள்ளதைக் கொண்டு தீர்ப்பது என்னும் மோட்டார் வைத்தியம் அன்றே தோன்றிவிட்டது.

பின்னர் நீர் வீணாகாமல் சுற்றிவரும் ரேடியேட்டர் அமைந்தது. 1912-இல் காப்புரிமை பெற்ற பாய்ஸ் மோட்டோமீட்டர் என்னும் வெப்பமானி, ரேடியேட்டர் மூடியின் மேல் நின்று, ஓட்டுபவருக்குச் சூட்டை அறிவித்தது. எஞ்சின் தன் நோயைத் தானே சொல்லத் தொடங்கிய முதல் மொழிகளுள் அதுவும் ஒன்று.

நம் நாட்டில் 1950-களின் பிற்பகுதியில் பிறந்து 2014 வரை உற்பத்தியான அம்பாசிடர் காரை எண்ணிப் பாருங்கள். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ளது கீழ்பென்னாத்தூர். தீபத் திருநாளில் அண்ணாமலையை நோக்கி வண்டிகள் ஆமைபோல் ஊரும் வேளையில், ரேடியேட்டருக்குக் காற்றோட்டம் குறையும், சூடு ஏறும். அந்நிலையில் பழைய அம்பாசிடரின் நோயைச் சொல்ல முள்காட்டியும் மெக்கானிக்கின் ஐம்புலன்களுமே உண்டு. ஹோஸ் பைப்பில் ஈரமா, வாட்டர் பம்பின் அடியில் சொட்டா என்று அவர் பார்ப்பார். வெளியே கசிவின்றி நீர் குறைந்தால் உள்ளே தேடுவார். புகைக்குழாயில் ஓயாத வெண்புகை, பால் கலந்த தேநீர்போல் வெளுத்த எண்ணெய், ரேடியேட்டர் வாயில் எழும் குமிழிகள் ஆகியவை ஹெட் கேஸ்கட் பழுதுக்கு அறிகுறிகள். சூட்டோடு மூடியைத் திறக்க மட்டும் அவர் விடமாட்டார். அழுத்தத்தால் அடங்கிய வெந்நீர், மூடி திறந்த கணமே ஆவியாய்ச் சீறி முகத்தைச் சுட்டுவிடும்.

இனி, குறியீடுகளின் காலம். அமெரிக்காவில் 1996 மாடல் முதல், கார்கள் தம் பழுதை ஒரே வகைக் குறியீட்டில் உணர்த்த வேண்டும் என்பது விதியாயிற்று. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் நான்கு விதிகளோடு இம்முறை பரவியது. அன்று புதியனவாய் வந்த கார்களும் இன்று பழையனவாகிவிட்டன. ஸ்கேனர் கருவியைப் பொருத்தினால் எழுத்தும் எண்களும் தோன்றுகின்றன. அவற்றை வாசிப்பது எளிது. பொருள் கொள்வதே அரிது.

'பி 0128' என்பது எஞ்சின் உரிய சூட்டை எட்டவில்லை என்று பொருள்படும். உடனே தெர்மோஸ்டாட்டை மாற்றிவிடுவோர் பலர். ஆனால் கூலன்ட் குறைந்தாலும் இக்குறியீடு எழக்கூடும். 'பி 0301' முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று கூறும். காரணம் ஸ்பார்க் பிளக்காகவும் இருக்கலாம். கேஸ்கட் வழியே உட்புகுந்த நீராகவும் இருக்கலாம். நீர் மிகவும் குறைந்து, சூட்டை உணரும் சென்சார் வெற்றிடத்தில் நின்றால், எஞ்சின் கொதிக்கும்போதும் முள் தாழ்ந்தே காட்டக்கூடும். கசிவு எங்கே என்பதைக் குறியீடு காட்டுவதில்லை.

ஆகவே, குறியீடு நோயாளியின் முறையீடு, நோயின் பெயரன்று. முறையீட்டைக் கேட்டபின் நாடி பார்ப்பது வைத்தியன் கடமை. எஞ்சின் ஆறிய பின் நீரின் அளவைப் பார்த்தல், அழுத்தமேற்றிக் கசிவைத் தேடுதல், எண்ணெயின் நிறத்தை நோக்குதல் ஆகியவை ஸ்கேனர் வந்ததனால் பழமையாகிவிடவில்லை. வாடகைக் காரையே வாழ்வாகக் கொண்டவருக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. இன்று ஒரு ஹோஸ் பைப்போடு முடியும் செலவு, கவனியாது விட்டால் சிலிண்டர் ஹெட்டே வளைந்து, பல நாள் வருவாயை விழுங்கிவிடும். எண்களை வாசிக்கும் கருவி பெருகட்டும். ஈரத்தைத் தேடும் கண்ணும் விரலும் பட்டறையில் மறையாதிருக்கட்டும்.