லியோன்: மூன்று நாள் பயணம்

லியோன், பிரான்சின் தென்கிழக்கில் ரோன், சோன் ஆகிய இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் உள்ள பழைய நகரம். உரோமானியர் காலத்தில் இதன் பெயர் லுக்டுனும். மேற்கே ஃபூர்வியேர் குன்று, வடக்கே க்ருவா-ரூஸ் குன்று, ஆறுகளுக்கு நடுவே பிரெஸ்கீல் எனப்படும் ஒடுங்கிய நிலப்பகுதி, கிழக்கே சமவெளி. ஈராயிரம் ஆண்டுகளாக இந்நகரம் மேற்கிலிருந்து கிழக்காகவே வளர்ந்து வந்திருக்கிறது. பழையதை இடித்துவிட்டு அதே இடத்தில் கட்டாமல் அடுத்த கரைக்கு நகர்ந்ததால், ஒவ்வொரு காலத்து லியோனும் தனித்தனியே காணக் கிடைக்கிறது. யுனெஸ்கோ 1998இல் இதன் பழம்பகுதிகளை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது இந்தத் தொடர்ச்சியையே சிறப்பாகக் கருதியது. மூன்று நாள் விடுமுறையில் வருபவரும் குன்றில் தொடங்கிக் கிழக்கு நோக்கி இறங்குவதே முறை. வழிகாட்டி நூல்கள் பலவும் உணவகங்களிலிருந்து தொடங்குகின்றன. அப்படித் தொடங்கினால் குன்றுக்கு நேரம் மிஞ்சுவதில்லை.

பாரிசிலிருந்து பார்-தியூ நிலையத்துக்கு அதிவேக ரயிலில் ஏறத்தாழ 2 மணி நேரம். ஈஸ்டர் திங்கள், பெந்தெகொஸ்தே திங்கள் ஆகிய அரசு விடுமுறைகளை ஒட்டிய வார இறுதிகள் வசதியானவை. இயேசு விண்ணேற்ற நாள் எப்போதும் வியாழனில் வருவதால், பிரெஞ்சுக்காரர்கள் பலர் வெள்ளிக்கும் விடுப்பு எடுத்து நான்கு நாளாக்கிக் கொள்வார்கள். அப்போது ரயில் சீட்டும் விடுதி அறையும் முன்கூட்டியே தீர்ந்துவிடும். மே 1 அன்று அருங்காட்சியகங்கள் அநேகமாக மூடியிருக்கும். உரோமானிய அருங்காட்சியகத்துக்குத் திங்களும் நுண்கலை அருங்காட்சியகத்துக்குச் செவ்வாயும் விடுமுறை. ஆகவே சனிக்கிழமையைக் குன்றுக்கு ஒதுக்குவது உத்தமம்.

உரோமானிய நகரம்

கி.மு. 43இல் லூசியஸ் முனாட்டியஸ் பிளாங்கஸ் என்ற உரோமானியத் தளபதி ஃபூர்வியேர் குன்றின் மேல் இக்குடியேற்றத்தை நிறுவினார். அகஸ்டஸின் மருமகன் அக்ரிப்பா, இன்றைய பிரான்சை உள்ளடக்கிய கோல் நாட்டுப் பெருஞ்சாலைகள் இங்கிருந்து பிரியும்படி அமைத்தார். விரைவிலேயே பேரரசின் நாணயச்சாலையும் வந்தது. கி.மு. 12இல் க்ருவா-ரூஸ் சரிவில் உரோமாபுரிக்கும் அகஸ்டஸுக்கும் ஒரு பலிபீடம் எழுந்தது. கோல் இனக்குழுக்களின் பேராளர்கள் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 அன்று அங்கே கூடினார்கள். பின்னாளில் பேரரசரான கிளாடியஸ் கி.மு. 10இல் அதே தேதியில் இந்நகரில் பிறந்தார். மற்றொரு பேரரசரான கராகல்லாவும் கி.பி. 188இல் இங்கே பிறந்தவரே.

ஃபூர்வியேர் குன்றின் சரிவில் ஓர் அரைவட்ட அரங்கும் அதனருகே சிறிய இசையரங்கும் உள்ளன. பெரிய அரங்கு அகஸ்டஸ் காலத்தில் தொடங்கிப் பின்னர் விரிவாக்கப்பட்டது; ஏறத்தாழ 10,000 பேர் அமரலாம். மண்மூடிக் கிடந்த இவ்விடத்தை மேயர் எதுவார் எரியோ 1933 முதல் அகழச் செய்தார். மேடைக்கு முன்னால் நீண்ட பள்ளம் ஒன்றைக் காணலாம். உரோமானியர் காலத்துத் திரை மேலிருந்து விழாது. இந்தப் பள்ளத்திலிருந்து எழும். இசையரங்கின் தரையில் பல நிறப் பளிங்குக் கற்களைக் கட்டம் கட்டமாகப் பதித்திருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. கோடையில் ஃபூர்வியேர் இரவுகள் விழாவுக்காக மேடை போடுவதால் பார்வை ஓரளவு மறைபடும். வசந்தமோ இலையுதிர் காலமோ மேல். வியோ-லியோன் நிலையத்திலிருந்து இரண்டு இழுவை ரயில்கள் குன்றேறுகின்றன: ஒன்று குன்றின் மேலுள்ள பேராலயத்துக்கு, மற்றொன்று மினிம் நிறுத்தம் வழியாக சேன்-ஜுஸ்டுக்கு. அரங்குகளுக்கு மினிமில் இறங்க வேண்டும்.

அரங்கை ஒட்டிய அருங்காட்சியகம் பெர்னார் ஜெர்ஃபூஸ் வடிவமைப்பில் 1975இல் திறக்கப்பட்டது. கட்டடத்தைக் குன்றுக்குள் புதைத்துவிட்டதால் வெளியே இரண்டு சன்னல்கள் மட்டுமே துருத்தி நிற்கின்றன. உள்ளே கான்கிரீட் சரிவுப்பாதை தளம் தளமாகக் கீழிறங்குகிறது. லியோனில் ஒரே ஒரு பொருளைத்தான் பார்க்க நேரம் உண்டு என்றால், அது இங்குள்ள கிளாடியஸ் வெண்கலப் பட்டயமாக இருக்கட்டும். 1528இல் துணி வணிகர் ஒருவர் க்ருவா-ரூஸில் தம் திராட்சைத் தோட்டத்தைத் தோண்டியபோது கிடைத்தது. எடை 220 கிலோவுக்கு மேல். கோல் நாட்டுப் பிரமுகர்களை உரோமானிய செனட்டில் சேர்க்க வேண்டும் என்று கி.பி. 48இல் கிளாடியஸ் ஆற்றிய உரை இது. மேற்பகுதி உடைந்து தொலைந்ததால் இரண்டு பத்திகளுக்கும் தொடக்கம் இல்லை. எஞ்சிய எழுத்துகள் இன்றும் கூர்மழுங்காமல் நிற்கின்றன. பழங்கதைகளில் சுற்றிச் சுற்றிப் போன பேரரசர், ஓரிடத்தில் தன்னையே பெயர் சொல்லி விளித்து, பேச்சு எங்கே போகிறது என்று சபைக்குச் சொல்லும் நேரம் வந்துவிட்டது என்கிறார். வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் மெருகேற்றித் தந்த வடிவத்தில் இந்த இடம் இல்லை. மனிதரின் குரல் வெண்கலத்தில்தான் பிழைத்திருக்கிறது. அருகிலேயே கோலிஞ்ஞி நாட்காட்டியின் துண்டுகள் உள்ளன. 1897இல் கண்டெடுக்கப்பட்ட இது, கோல் மொழியில் எஞ்சியுள்ள மிக நீண்ட சாசனங்களுள் ஒன்று.

எதிர்க்குன்றான க்ருவா-ரூஸில் உள்ள மூன்று கோல் மாகாணங்களின் நீள்வட்ட அரங்கு கி.பி. 19இல் கட்டப்பட்டது. இன்றைய சேன்ட் நகரத்தைச் சேர்ந்த கையஸ் ஜூலியஸ் ரூஃபஸ் இதைக் கட்டித் தந்ததை 1958இல் கிடைத்த கல்வெட்டு சொல்கிறது. 177இல் கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்டபோது பிளாந்தினா என்ற அடிமைப்பெண் வதைக்கப்பட்டது இங்கேயே. தொண்ணூறு வயதைத் தாண்டிய ஆயர் பொத்தினுஸ் சிறையில் உயிர்விட்டார். 197இல் பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் தன் எதிராளி அல்பினஸை நகருக்கு அருகே வென்றார். அதன்பின் நகரம் பழைய நிலையை மீட்கவில்லை. குன்றுக்கு நீர் கொண்டுவந்த நான்கு கால்வாய்களும் காலப்போக்கில் பாழாயின. அவற்றுள் ஜியே கால்வாயின் நீளம் 85 கிலோமீட்டர். பள்ளத்தாக்குகளை ஈயக் குழாய்களால் கடந்தது. நீர் நின்றதும் மக்கள் ஆற்றங்கரைக்கு இறங்கினார்கள். அந்தக் கால்வாயின் வளைவுகளைப் பார்க்க ஷாப்போனோ வரை போய்வர அரைநாள் ஆகும், போகத்தக்க இடம்.

கரையும் தறியும்

சோன் ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள வியோ-லியோன், மறுமலர்ச்சிக் கால வணிகர்களின் பேட்டை. நெடுஞ்சாலைத் திட்டத்தால் அழியவிருந்த இப்பகுதியை உள்ளூர்க்காரர்கள் போராடிக் காத்தார்கள். 1964இல் பிரான்சின் முதல் பாதுகாக்கப்பட்ட நகர்ப்பகுதியானது. வீடுகளின் ஊடே ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குச் செல்லும் நடைவழிகளைத் திராபூல் என்பார்கள். சேன்-ழான் தெரு 54ஆம் எண் கதவைத் தள்ளி நுழைந்தால், நான்கு கட்டடங்களைக் கடந்து பெஃப் தெரு 27ஆம் எண்ணில் வெளிவரலாம். மக்கள் குடியிருக்கும் வீடுகள் அவை. காலையில் போய், குரலைத் தாழ்த்தி நடக்க வேண்டும்.

1536இல் மன்னர் முதலாம் பிரான்சுவா வழங்கிய சலுகைகளால் பட்டு நெசவு வேரூன்றியது. 19ஆம் நூற்றாண்டில் அது க்ருவா-ரூஸுக்கு ஏறியது. ஜோசப் மரி ஜக்கார்டின் துளை அட்டைத் தறி உயரமானது. அதற்காகவே அங்கு வீட்டுக் கூரைகள் 4 மீட்டர் உயரத்தில் அமைந்தன. காஞ்சிபுரத்துத் தறிகளில் ஏறியிருக்கும் ஜக்கார்டு பெட்டி இதன் வழிவந்ததே. கூலிக்குக் கீழ்வரம்பு கேட்டு 1831இல் கனூ எனப்பட்ட நெசவாளிகள் எழுந்தார்கள், 1834இல் மீண்டும் எழுந்தார்கள்; படை வந்து அடக்கியது. வொராஸ் முற்றத்தின் ஆறடுக்குக் கல்படிக்கட்டு அக்காலத்தைக் காட்டும்.

மூன்றாம் நாளுக்கு பெல்கூர் சதுக்கமும், ரோனைக் கடந்து லூமியேர் சகோதரர்கள் 1895இல் தங்கள் முதல் படத்தை எடுத்த மோன்பிளசீரும் போதும். பூஷோன் எனப்படும் சிற்றுணவகங்களில் இறைச்சியே மிகுதி. பல வார இறுதியில் மூடிவிடும் என்பதால் முன்பதிவு தேவை. டிசம்பர் 8ஐ ஒட்டிய ஒளி விழாவின்போது நகரில் நடக்கவே இடமிராது. இன்று லியோன் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் தொழில் நகரம். ஆறுகள் கூடும் முனையில் புதிய குடியிருப்புகளும் 2014இல் திறந்த கான்ஃபுளுவான்ஸ் அருங்காட்சியகமும் உள்ளன.