பாவத்தின் வஞ்சனையும் சபையின் காவலும்: மௌலா அலி ரயில்வே வாழ்வை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

பாவத்துக்கு எதிரான விழிப்பைப் பற்றிய பிரசங்கங்கள் பெரும்பாலும் தனிமனிதனின் மன உறுதியில் போய் முடிகின்றன. அதிகாலையில் எழு, வேதம் வாசி, சோதனையை விலக்கு என்று அவை சொல்கின்றன. இவை எல்லாம் தேவைதான். ஆனால் எபிரெயர் நிருபத்தின் 3ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி போகிறது. பாவத்தின் வஞ்சனையால் யாருடைய இருதயமும் கடினப்படாதிருக்க, விசுவாசிகள் நாள்தோறும் ஒருவருக்கொருவர் புத்திசொல்ல வேண்டும் என்கிறது அதன் 13ஆம் வசனம்.

இதன் தர்க்கம் எளியது. வஞ்சிக்கப்படுகிறவனுக்கு அது தெரியாது; தெரிந்துவிட்டால் வஞ்சனை அங்கேயே முடிந்துவிடும். ஆகவே தன்னைத்தான் காத்துக்கொள்வது மட்டும் போதாது, இன்னொருவருடைய கண்ணும் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதைச் சோதித்துப் பார்க்க ஹைதராபாத்தின் மௌலா அலி ஏற்ற இடம். குன்றின் மேலுள்ள தர்காவால் பெயர்பெற்ற இப்பகுதியில் தென்மத்திய ரயில்வேயின் டீசல் என்ஜின் ஷெட்டும் மண்டலப் பயிற்சி நிலையமும் இருக்கின்றன. கண்டோன்மென்ட்டும் ரயில்வேயும் ஹைதராபாத்–செகந்திராபாத் இரட்டை நகரத்துக்குக் கொண்டுவந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ரயில்வே வாழ்க்கை நெடுநாள் பழக்கம்.

2. வஞ்சனை செயல்படும் வழிகள்

2.1 நல்ல பெயர் சூட்டுதல். அமலேக்கியரின் மந்தையில் நல்லவற்றைச் சவுல் தப்பவிட்டான். சாமுவேல் கேட்டபோது, கர்த்தருக்குப் பலியிடவே வைத்திருப்பதாகச் சொன்னான். கீழ்ப்படியாமை ஆராதனையின் உடையை அணிந்துகொண்டது.

2.2 தவணை சொல்லுதல். பவுல் நீதியையும் இச்சையடக்கத்தையும் வரப்போகும் நியாயத்தீர்ப்பையும் பற்றிப் பேசியபோது பேலிக்ஸ் நடுங்கினான். ஆனாலும் வசதியான சமயத்தில் கூப்பிடுவதாகச் சொல்லி அனுப்பிவிட்டான். அவன் எதையும் மறுக்கவில்லை, தள்ளிப்போட்டான், அவ்வளவுதான்.

2.3 கண்ணைப் பிறர்மேல் திருப்புதல். ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்த ஐசுவரியவானின் கதையை நாத்தான் சொன்னதும் தாவீது கொதித்தெழுந்தான். தீர்ப்புச் சொல்லும் திறன் அவனிடம் மங்கவே இல்லை, பத்சேபாளை அபகரித்த தன் விஷயத்தில் மட்டும் அது வேலை செய்யவில்லை. பத்சேபாளுக்குப் பிள்ளை பிறந்த பிறகும் தாவீது தானாக உணரவில்லை. இன்னொரு மனிதன் வாசலுக்கு வர வேண்டியிருந்தது.

ஆங்கிலேயப் பியூரிட்டன் ஜான் ஓவன், விசுவாசியில் எஞ்சி வாழும் பாவத்தைப் பற்றி 1668இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு வரிசை தருகிறார். முதலில் மனம் தன் காவல் கடமையிலிருந்து திருப்பப்படுகிறது. அடுத்து விருப்பங்கள் சிக்குகின்றன. கடைசியில் சித்தம் இணங்குகிறது. காவல்காரனே முதலில் ஏமாற்றப்படுகிறான் என்றால், அவனை எழுப்ப வெளியிலிருந்துதான் ஆள் வர வேண்டும்.

3. மரபு தந்த காவல் முறைகள்

தமிழ் அச்சின் தொடக்க நூல்களில் ஒன்றே இந்தத் தேவைக்காகப் பிறந்தது. ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் 1580இல் கொச்சியில் அச்சிட்ட ‘கொம்பெசியொனாயரு’ பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு. முத்துக்குளித்துறைப் பரதவர் தங்கள் மனச்சாட்சியை ஆராய அது உதவியது.

சீர்திருத்த சபைகள் அந்த முறையைக் கைவிட்டன. அந்த வெற்றிடத்தை மெதடிஸ்டுகள் வேறு விதமாக நிரப்பினார்கள். 1742இல் பிரிஸ்டல் நகரில், ஆலயக் கடனை அடைக்க வாரம் ஒரு பென்னி திரட்டுவதற்காகச் சுமார் 12 பேர் கொண்ட வகுப்புகள் பிரிக்கப்பட்டன. காசு வாங்கப் போனவர்கள் வீட்டு நிலவரத்தைக் கண்டார்கள். அதிலிருந்து ஆத்தும விசாரணை வளர்ந்தது. அந்த வெஸ்லியன் மரபு, தென்னிந்தியத் திருச்சபையின் மேதக் திருமண்டலம் வழியாக இன்றைய ஹைதராபாத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

1941இல் சென்னையில் ‘யெகோவா ஷம்மா’வைத் தொடங்கிய பக்த் சிங், பின்னர் ஹைதராபாத்தின் ‘ஹெப்ரோன்’ சபையைத் தம் ஊழியத்தின் மையமாக்கினார். ஆராதனைக்குப் பின் எல்லாரும் சேர்ந்து உண்ணும் அன்பின் விருந்து அங்கே வழக்கமானது. சேர்ந்து உண்கிறவர்களிடம் முகத்தை நெடுநேரம் மறைக்க முடியாது.

இலக்கியத்திலும் இதே காவலைக் காணலாம். ஜான் பனியனின் 1678ஆம் ஆண்டு நூலில், மயக்க நிலத்தைக் கடக்கும் யாத்திரிகர் இருவர் தூங்கிவிடாதிருக்கப் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். அந்த நூலைத் தழுவித்தான் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடினார்.

4. ரயில்வே குடியிருப்பின் சூழல்

ஓடும் பணியில் இருப்பவருக்கு ஞாயிறு என்று ஒரு நாள் நிச்சயமில்லை. டியூட்டி இரவில் வரும். ஓய்வு வெளியூர் ரன்னிங் ரூமில் கிடைக்கும். சபை விட்டுப்போவது முதலில் டியூட்டியால், பிறகு பழக்கத்தால். மாதச் சம்பளம் உறுதி என்பதால் கடன் எளிதில் கிடைக்கிறது. அந்தக் கடன் ‘குடும்பத்துக்காகத்தானே’ என்ற பெயரில் நுழைகிறது. தனி அறையில் குடியும் கைபேசியும் ‘அசதிக்கு’ என்ற பெயரைப் பெறுகின்றன. 2ஆம் பகுதியில் கண்ட மூன்று வழிகளும் இங்கே தினசரிப் பேச்சிலேயே ஒலிக்கின்றன.

இதற்கான மருந்தும் அதே தொழிலில் இருக்கிறது. சிக்னல் கண்ணில் பட்டதும் லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் அதன் நிலையை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது ரயில்வே விதி. அது ஓட்டுநரின் திறமையைச் சந்தேகித்து வந்ததல்ல. ஒரே தடத்தில் ஆண்டுக்கணக்கில் ஓடியவர் பச்சையை எதிர்பார்த்தே பச்சையைக் கண்டுவிடக்கூடும். அனுபவமே அங்கே ஆபத்து. சபையிலும் நிலை இதுதான். புது விசுவாசியை எல்லாரும் விசாரிக்கிறார்கள். முப்பது வருட மூப்பரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

5. ஒரு மறுப்பும் விடையும்

ஒருவரை ஒருவர் கவனிப்பது வேவு பார்ப்பதாகவும் வம்புப்பேச்சாகவும் மாறாதா? மாறும், ‘ஜெபக் குறிப்பு’ என்ற பெயரில் எத்தனையோ வீடுகளின் மானம் போயிருக்கிறது. இதற்கு வேதமே எல்லை வகுத்திருக்கிறது. மத்தேயு 18ஆம் அதிகாரப்படி முதல் பேச்சு தனிமையில் நடக்க வேண்டும். கலாத்தியர் 6ஆம் அதிகாரப்படி திருத்துகிறவர் சாந்தத்தோடு, தன்னையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தலைவர்களுக்கும் விலக்கில்லை: அந்தியோகியாவில் பேதுருவையே பவுல் முகமுகமாய் எதிர்த்தார். அதே சமயம், குழந்தைக்கோ மனைவிக்கோ இழைக்கப்படும் கொடுமை ‘இரகசிய அறிக்கை’க்குள் அடங்காது, அது சட்டத்தின் முன் போக வேண்டியது.

6. முடிவுகள்

அ. பாவத்தின் வஞ்சனை முதலில் தாக்குவது தன்னை ஆராயும் திறனையே. எனவே சுயபரிசோதனை அவசியம். ஆனால் அது மட்டும் போதாது.

ஆ. ஒருவரை ஒருவர் விசாரிக்கும் காவல் குழு இரண்டு மூன்று பேரைத் தாண்டக் கூடாது. கூடும் நாளை டியூட்டி பட்டியலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம், தொலைபேசியிலும் நடத்தலாம்.

இ. கேள்விகள் குறிப்பாக இருக்க வேண்டும். ‘ஆவிக்குரிய வாழ்க்கை எப்படி?’ என்றால் ‘கர்த்தர் கிருபையால் நல்லாயிருக்கேன்’ என்பதே பதிலாக வரும். ‘இந்த மாதம் வீட்டில் சொல்லாமல் கடன் வாங்கினீர்களா?’ என்று கேட்டால் அப்படி நழுவ முடியாது.

ஈ. ஒரு சபையின் விழிப்பை வருகைப் பதிவேடு காட்டாது. ஒவ்வொரு விசுவாசியிடமும், போதகரிடமும்கூட, கசப்பான கேள்வியைக் கேட்கும் உரிமை யாருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதே அதற்கான அளவுகோல்.